ஏப்பவியல்: ஈஸ்ட் குறித்து ஒரு முன்னாய்வு

ஊர்ச்சொத்தை விழுங்கியவரை 'ஏப்பம் விட்டுவிட்டார்' என்கிறோம். விழுங்கியதற்குத்தான் வழக்கு; ஏப்பத்தில் பங்கு கேட்டு எவரும் நீதிமன்றம் போனதில்லை. இந்த அலட்சியம் பிழை, ரொட்டியும் பீரும் ஓர் ஒற்றைச்செல் பூஞ்சையின் ஏப்பத்தாலும் கழிவாலும் ஆனவை என்பதே இவ்வாய்வின் துணிபு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியே தள்ளுகிறது. பிசைந்த கோதுமை மாவின் பசைத்தன்மை அந்த வாயுவைச் சிறைப்பிடிக்க, மாவு உப்புகிறது. அடுப்புச் சூட்டில் ஈஸ்ட் மடிகிறது, ஆல்கஹாலில் பெரும்பகுதி ஆவியாகிறது, ஏப்பம் குடியிருந்த இடங்கள் துளைகளாக எஞ்சுகின்றன. பேக்கரிக்காரரும் பீர் காய்ச்சுபவரும் ஒரே சொத்தின் பங்காளிகள்: ஒருவருக்குக் காற்று, மற்றவருக்குப் போதை. ஆனால் பட்டாவில் உழைத்தவர் பெயர் இல்லை. 1516-இல் பவேரியா இயற்றிய பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றையும் குறிப்பிட்டு ஈஸ்டை விட்டுவிட்டது.

இட்லி உப்புவது பெரும்பாலும் பாக்டீரியாவால் அல்லவா என்று தமிழறிந்தோர் மறுக்கலாம். மெய்தான், ஆனால் அங்கும் உப்பவைப்பது இன்னொரு நுண்ணுயிர் விட்ட வாயுவே. ஏப்பம் விட்டவர் மாறினாரே தவிர கோட்பாடு மாறவில்லை. கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்பமோ நேராக நம் பக்கமே சாட்சி சொல்கிறது. அடுத்து, 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறே, உயிருள்ள செல் இல்லாமலே, சர்க்கரையை நொதிக்கவைத்ததே என்பர். சமைத்தவர் ஊருக்குப் போனபின்னும் குழம்பு மணக்கும். அதனால் சமைத்தவரே இல்லை என்றாகிவிடாது. அந்தச் சாற்றின் நொதிகளைச் செய்துவைத்தது ஈஸ்ட்தான்.

'கழிவு' என்பது ஆய்வுக்கு அடுக்காத சொல் என்பது கடைசி மறுப்பு. ஈஸ்ட் ஓர் உயிர் என்று 1837-இல் தியோடர் ஷ்வான் சொன்னபோது, வேதியியல் மேதைகள் லீபிக்கும் வோலரும் இதே அருவருப்போடு சிரித்தார்கள். 1839-இல் லீபிக்கின் இதழிலேயே, பெயர் போடாமல், ஒரு போலி ஆய்வு வெளிவந்தது: ஈஸ்ட் என்பவை நுண்ணிய மிருகங்கள், சர்க்கரையைத் தின்று, பின்வழியாக ஆல்கஹாலையும் சிறுநீர்வழியாகக் கரியமில வாயுவையும் கழிக்கின்றன என்றது அது. வாயு போகும் வழியில் மட்டுமே இவ்வாய்வு அவர்களோடு மாறுபடுகிறது. 1860-இல் லூயி பாஸ்டர், ஆல்கஹால் நொதித்தல் ஈஸ்டின் உயிர்ச்செயலே என்று விரிவாக நிறுவினார். கேலிக்கு எழுதியதே உண்மைக்கு நெருக்கமாக நின்றது. ஆகவே இக்கட்டுரையை வெறும் விளையாட்டென்று தள்ள நினைப்பவர்கள் 21 ஆண்டுகள் பொறுத்துத் தள்ளுவது நல்லது.