பானெட் ஷாக்கின் அகால மறைவு: கொல்கத்தா நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இக்கட்டுரை என்ன நுதலிற்றோ எனின், காரின் பானெட்டைத் தூக்கினால் அது தூக்கிய இடத்தில் நிற்காமல் தூக்கியவர் பிடரியில் வந்து இறங்குவது எதனால் என்று ஆராய்தல் நுதலிற்று. பானெட்டின் இரண்டு ஓரத்திலும் சாய்ந்து நின்று அதைத் தாங்கும் கறுப்பு உருளைகளை மெக்கானிக்குகள் ஷாக் என்பார்கள். பின்னால் இருந்தால் டிக்கி ஷாக், முன்னால் இருந்தால் பானெட் ஷாக். தொல்காப்பியர் இதற்கு இலக்கணம் செய்யவில்லை. அவர் காலத்துத் தேர்களுக்கு மூடி கிடையாது. பின்வந்த உரையாசிரியர்களும் தொடாமல் விட்ட இடம் என்பதால் துணிந்து இறங்கியிருக்கிறேன்.

ஆய்வுக்களமாகக் கொல்கத்தாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சுமார் 26,500 டன் எஃகை, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இறக்காமல், ஹவுரா பாலமாக 1943 முதல் தூக்கி நிறுத்தியிருக்கும் ஊர் அது. அதே ஊரில் பத்துப் பதினைந்து கிலோ தகரம் நிற்க மறுக்கிறது என்றால் விஷயம் சாதாரணமானது இல்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. ஆகவே பானெட் ஷாக்குக்கும் திணை வகுத்துவிடுவோம். நிலம், கங்கைக் கழிமுகத்தின் ஈரமண். பெரும்பொழுது முன்பனி, சிறுபொழுது விடியல். தெய்வம் விசுவகர்மா, ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஐ ஒட்டி அங்கே வண்டிக்கும் பட்டறைக்கும் பூசை நடக்கும், நம் ஆயுத பூசைக்குச் சில வாரம் முந்திக்கொண்டு. மரம் மூங்கில். உணவு, மண் குவளைத் தேநீர். பறை, பின்னால் நிற்கும் பேருந்தின் ஹார்ன். உரிப்பொருள் சரிதலும் சரிதல் நிமித்தமும்.

பெரும்பொழுது முன்பனி என்று வைத்ததை யாரேனும் மறுக்கக்கூடும். வேனில்தானே ரப்பரையும் மனிதனையும் வாட்டுகிறது என்பது கடா. விடை உருளைக்குள் இருக்கிறது. உள்ளே அடைத்திருப்பது நைட்ரஜன் வாயு, கூடவே சில மில்லிலிட்டர் எண்ணெய். 350 நியூட்டன் என்று எழுதிய ஷாக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 36 கிலோவைத் தூக்கும் விசை அது. தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல எழுபது மடங்கு வருகிறது. கார் டயருக்குள் இருப்பது இரண்டு மடங்கும் சொச்சமும்தான். பதினைந்து கிலோ மூடிக்கு ஆளுக்கு 36 கிலோ வீதம் இரண்டு பேர் எதற்கு என்றால், ஷாக் பூட்டியிருக்கும் இடம் கீலுக்குப் பக்கத்தில். கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீலோரம் தள்ளிப் பார்த்தவருக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அந்த 350 என்பது 20 டிகிரி வெப்பத்தில் போட்ட கணக்கு. சனவரி விடியலில் கொல்கத்தா 12 டிகிரிக்கு இறங்கும்போது அது 340 ஆகிவிடும். மே மாத நடுப்பகல் 38 டிகிரியில் 371க்கு ஏறும். இரண்டுக்கும் நடுவே 31 நியூட்டன், கிட்டத்தட்ட மூன்று கிலோ. நல்ல ஷாக்குக்கு இது பொருட்டே இல்லை. ஏற்கெனவே பாதி வாயு கசிந்து, மூடியைத் தாங்கலாமா வேண்டாமா என்ற நிலையில் இருக்கும் ஷாக்குக்கு இந்த வித்தியாசமே உயிர்நிலை. வெயிலில் நின்ற வண்டியில், எஞ்சின் சூட்டில், நேற்று மாலை கம்பீரமாகத் தாங்கிய அதே ஷாக் இன்று காலை தலையில் போடுகிறது. உரிமையாளர் மங்கி குல்லாவும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்; ஷாக்குக்கு யாரும் குல்லா போடவில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அது மறுபடி நிமிர்ந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கேயும் நன்றாகவே நிற்கும். நோயாளி மருத்துவரைக் கண்டதும் தேறிவிடும் இந்த நிலையை இரங்கல் நிமித்தம் என்று கொள்க.

இனிப் பிறர் மதம் கூறி மறுத்தல்.

அடிக்கடி திறந்து மூடுவதால் தேய்ந்துவிடுகிறது என்பது ஒரு சாரார் கொள்கை. வண்டிக்காரர் எத்தனை முறை பானெட்டைத் திறக்கிறார்? வாரம் இரண்டு தடவை என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு நூறு. ஷாக் பல்லாயிரம் தடவை திறந்து மூடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள். பத்தாயிரத்தைத் தொடவே நூறு ஆண்டு வேண்டும். அது ஐந்தாறு வருடத்தில் படுத்துவிடுகிறது. ஆகவே உழைப்பால் வந்த சாவு இல்லை இது. எஞ்சின் பக்கத்திலேயே கிடந்து வெந்து, தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகி, எண்ணெய் வற்றி, வாயு வெளியேறி, சும்மா இருந்தே செத்தது. தினமும் நாலு தடவை திறக்கும் டிக்கி ஷாக் அதே வண்டியில் தெம்பாக இருப்பதும் இதற்குச் சான்று.

அட்டாவே காரணம் என்பது இரண்டாம் சாரார் கொள்கை. அட்டா என்பது வங்காளிகளின் திண்ணைப் பேச்சு. கொல்கத்தாத் தெருவில் பானெட் ஒன்று உயர்ந்தால் அது ஊருக்கு விடுத்த அழைப்பு என்று பொருள். முதலில் தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் வருவார். எஞ்சினைப் பார்த்துக் கார்புரேட்டர் என்பார். அந்த வண்டியில் கார்புரேட்டரே இருக்காது. அடுத்தவர் பேட்டரி என்பார். மூன்றாமவர் குனிந்து பார்த்துவிட்டு, மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தைப் பற்றித் தொடங்குவார். இப்படி முக்கால் மணி நேரம் பானெட்டைத் தாங்க வைத்தால் எந்த ஷாக் பிழைக்கும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இயற்பியல் ஒப்பவில்லை. பானெட் திறந்திருக்கும்போது தண்டு வெளியே நீண்டிருக்கும், உள்ளே இடம் அதிகம், அழுத்தம் குறைவு. மூடியிருக்கும்போதுதான் தண்டு முழுக்க உள்ளே புகுந்து வாயுவை நெருக்கும். அதாவது அட்டா நடக்கும் முக்கால் மணி நேரமும் ஷாக்குக்கு ஓய்வு. வெளியே நீண்ட தண்டில் தூசி படியும் என்பது மட்டுமே அட்டாவின் பேரில் சுமத்தத்தக்க குற்றம்.

ஈரமே காரணம் என்னும் மூன்றாம் கொள்கை ஓரளவு உடம்பாடு. ஒரு நல்ல மழைக்கு ஆமர்ஸ்ட் ஸ்ட்ரீட்டிலும் காலேஜ் ஸ்ட்ரீட்டிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஈரக்காற்று குரோம் பூசிய தண்டில் ஊசிமுனை அளவு துரு வைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்தத் துரு சீலை அறுக்கும். ஈரம் தனியாகக் கொல்வதில்லை. துருவுக்கு வழிவிட்டுத் தள்ளி நிற்கிறது.

அஃதேல், ஷாக் இல்லாமலே ஓடிய வண்டிகள் என்னாயின என்று கேட்பாரும் உளர். மஞ்சள் அம்பாசடர் டாக்சியின் பானெட்டுக்கு அடியில் நைட்ரஜன் என்ற பேச்சே இல்லை. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டி 1957இல் பிறந்த அந்த வண்டியின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வணிக வண்டிக்குப் பதினைந்து வயதுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் கறாராகச் சொன்ன பிறகு, மிச்சமிருந்த டாக்சிகளும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. அந்த வண்டிக்கு ஆயிரம் நோய் உண்டு. வாயுக் கோளாறு மட்டும் கிடையாது. இன்றைக்கும் விலை குறைந்த கார்களில் நிறுவனம் கொடுப்பது ஒரு இரும்புக் கம்பிதான். கையால் தூக்கி, ஓட்டையில் செருகினால் நிற்கும். கசிய அதில் எதுவும் இல்லை. அதைக் கழற்றிவிட்டு, கௌரவம் கருதி வெளிக்கடையில் ஷாக் வாங்கிப் பூட்டுபவர்களை என்ன சொல்வது? விசை கூடிய ஷாக்கைப் போட்டு, மெல்லிய தகரம் கீலோரம் வளைந்த பிறகு டிங்கர் கடைக்கு அலைகிறார்கள்.

ஷாக் செத்ததற்கும் மாற்றுவதற்கும் நடுவே ஒரு நீண்ட இடைக்காலம் உண்டு. அதை மூங்கில் காலம் என்க. துர்கா பூசைக்குச் சில வாரம் முன்பே பந்தலுக்கான மூங்கில் கொல்கத்தா நடைபாதைகளில் குவிந்துவிடும்; வெட்டிய துண்டுகளில் முழங்கை நீளம் ஒன்று டிக்கிக்குள் போய்ச் சேரும். மற்ற பருவங்களில் துடைப்பக் கட்டையோ மடக்காத குடையோ போதும். மச்சானைப் பிடித்து நிறுத்துவதும் வழக்கில் உண்டு. தற்காலிகம் என்று வைத்த கட்டை அடுத்த பூசைவரை நிற்கும். புது ஷாக்கின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டவர்கள் இந்தக் காலத்தை விருப்பத்தோடு நீட்டிப்பதைக் கண்டிருக்கிறேன். தலையில் ஒருமுறை விழுந்தால்தான் காலம் முடியும்.

நமக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார். கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் அத்தனையும் கிடைக்கும். ஒரு கடையில் பழைய ஷாக்குகளை விறகுக்கட்டுபோல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை உருவி, தண்டின் நுனியைப் பலகையில் ஊன்றி, இரண்டு கையையும் உருளைமேல் வைத்து உடம்போடு சாய்ந்தார். மெல்ல இறங்கி, கையை எடுத்ததும் சீராக எழும்பியது. அடுத்ததை அழுத்தினார்; பாதியில் லொடக்கென்று இறங்கிவிட்டது. அதைத் தனியாக வைக்காமல் அதே கட்டில் சொருகிவிட்டு, “இது சின்ன வண்டிக்கு ஆகும் தாதா” என்றார். முதலாவதன் தண்டை விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. சீல் விட ஆரம்பித்திருந்தது. பழைய ஷாக்கைக் காசு கொடுத்து வாங்குவது பிறர் நோயை விலைக்கு வாங்குவது என்பது இவ்வாய்வின் துணிபு.

மாற்றும் முறை எளிது. பானெட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மச்சான் இந்த ஒரு இடத்தில் மட்டும் இலக்கணத்தோடு பயன்படுவார். இரண்டு முனையிலும் உருண்டைத் தலை ஆணியைக் கவ்வியிருக்கும் கிண்ணத்தில் ஒரு கம்பிப்பூட்டு இருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதைச் சற்றே நெம்பினால் கழன்று வரும். புதியதைத் தண்டு கீழே, உருளை மேலே என்று பூட்ட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் இறங்கி சீலை நனைத்தபடி இருக்கும். தலைகீழாகப் பூட்டினாலும் நிற்கும்; சீக்கிரம் காயும். தண்டைக் கட்டிங் பிளையரால் பிடிக்கக் கூடாது, கீறல் விழும். ஒன்றுதான் செத்தது என்று ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம்போலத் தோன்றும். ஒரு பக்கம் இளையது, ஒரு பக்கம் மூத்தது என்றால் பானெட் கோணலாக ஏறி, இளையதே இரண்டு பேர் பாரத்தையும் இழுத்து விரைவில் மாளும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை நிரூபிக்கத் தேவையில்லை.

கழற்றிய பழையதை அறுக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். கசிந்தது போக எவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் உள்ளே வாயு இருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் வண்டி ஷாக்கின் உருளையில் நியூட்டன் எண்ணும் பாகத்தின் எண்ணும் அச்சிட்டிருக்கும். எஞ்சின் சூட்டில் அந்த எழுத்துதான் முதலில் அழியும். அழிவதற்குள் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.