காசில்லாக் கேளிக்கையின் இலக்கணம்: சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்களின் ஒருநாள் உல்லாசம் பற்றிய முதற்கட்ட ஆய்வு

உல்லாசப் பூங்காக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் டென்மார்க்கில் தொடங்குகிறார்கள். கோப்பன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி, பிறகு 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் வோல்ட் டிஸ்னி திறந்துவைத்த டிஸ்னிலாந்து. எழுதுகிறவர் சென்னைக்காரராக இருந்தால் இடையில் கிஷ்கிந்தா பூங்காவைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார். எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை ஆகிய ஊர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஒரு குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு ஒருநாள் ட்ரிப் போய்வருவது எங்கே, எவ்வளவில், யாருடைய வேனில் என்ற வினாவை அறிஞர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே இந்தப் பணி இவ்வாய்வாளரின் தலையில் விழுந்தது.

முதலில் அளவை. டாலர் இங்கே செல்லாது; ரூபாயோ போன வருஷத்து ரூபாயாக இருப்பதில்லை. எனவே தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அலகான ‘பேர்’ என்பதையே எடுத்துக்கொண்டோம். காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் விழுவது ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். இதன் மதிப்பு 2021இல் 1,000 ரூபாய், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய். பின்னும் ஏற்றம் பேசப்பட்டது. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 1,350இலேயே நிற்கிறோம். டிஸ்னிலாந்தில் ஒருநாள் டிக்கெட் நூறு டாலருக்கு மேல். டாலரை 300 ரூபாயாக வைத்துக்கொண்டால், தலைக்கு 22 பேர். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 110ஐத் தாண்டுகிறது. அதாவது வீட்டில் ஒருவர் மழையிலும் காய்ச்சலிலும் தப்பாமல் நான்கு மாதத்துக்கு மேல் மலையேறினால், மிக்கி எலியின் வாசல் வரை போகலாம். விமானத்தை இதில் சேர்க்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன், ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளையைத் தாண்டினால் கிட்டத்தான். டிக்கெட்டைத்தான் தலைக்கு ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டும். ஐந்து தலை, வேன் வாடகை, உள்ளே போனபின் பிள்ளைகளுக்கு வரும் பசி எல்லாம் சேர்ந்தால் ஒருவருடைய அரைமாதச் சம்பளம் போன வழி தெரியாது.

இனி கோட்பாடு. பூங்காக்காரர்கள் உண்மையில் என்ன விற்கிறார்கள் என்று அறிய, மேல்நாட்டுச் சுற்றுலாவியலைப் புரட்டிப் பயனில்லாமல் தொல்காப்பியரிடம் வந்தோம். முதல், கரு, உரி என்று அவர் வகுத்த மூன்றும் இங்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன. முதற்பொருள்: நிலம் வேலியடைத்த காணி; பொழுது ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை. கருப்பொருள்: சறுக்குக் குழாய், செயற்கை அலை, விலையேறிய ஐஸ்கிறீம். உரிப்பொருளில்தான் பூங்கா ஐந்திணைக்கும் இடம் கொடுக்கிறது. வாசலில் காசைப் பிரிதல், வரிசையில் காத்து இருத்தல், சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியலின் கீழ் இரங்கல், ‘உன்னாலதான் இங்க வந்தோம்’ என்ற ஊடல். திரும்பும்போது வேனில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவதைப் புணர்தலில் அடக்குவது உரைமரபுக்கு ஒக்காது என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அற்றன்று; வேனின் அகலத்தை அவர் அறியார்.

இந்த ஐந்தையும் நனைதல், பயப்படுதல், தின்னுதல் என்னும் மூன்று தொழில்களோடு சேர்த்துத் தருவது எதுவோ அது உல்லாசப் பூங்கா என்பது எம் சூத்திரம். சப்ரகமுவ இதை நெடுங்காலமாகத் தந்துவருகிறது. வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் வைக்காததால் யாரும் கவனிக்கவில்லை.

நனைதலுக்குப் பீலி. மலையிலிருந்து வரும் ஊற்றை மூங்கிலோ தகரமோ வைத்துத் திருப்பி, ஆள் உயரத்திலிருந்து விழவைத்த தண்ணீர். வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் இருக்கிறது. அதன் அடியில் தலையைக் கொடுத்தால் நகரத்துப் பூங்காவின் எந்த நீர்வீழ்ச்சியும் தோற்கும். விடுமுறையில் மத்தியானம் தொடங்கும் பிள்ளைகளின் ஆட்டம், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் விரட்டும்வரை நீளும். இந்த இயலைப் பற்றிய களப்பதிவு ஒன்றை அப்படியே தருகிறோம். எட்டியாந்தோட்டைப் பக்கத்து லயம் ஒன்றின் இஸ்தோப்பில், அம்மாயிக்கும் பேரனுக்கும் நடந்த உரையாடல் இது.

“அம்மாயி, அங்க பெரிய குழாய் இருக்காம். மேலேர்ந்து விட்டா சர்ர்ருன்னு தண்ணியில வந்து வுழலாமாம்.”

“அதுக்கு காசா வாங்குறான்?”

“ஆமா.”

“கொழுந்துக் கூடையோட முப்பது வருசமா நானும் அந்த மலையில சறுக்கி வுழுந்துக்கிட்டுதான் இருக்கேன். எந்தத் தொர எனக்கு காசு குடுத்தான்?”

இந்த வாதத்துக்கு விடை சுற்றுலாப் பொருளியலில் இல்லை.

பீலிக்கு அடுத்தது அருவி. குருவிட்டைக்கு அப்பால் அரசிலை வடிவில் விழும் போபத் எல்ல, பெல்மதுளைப் பக்கம் கிரிந்தி எல்ல, வேவெல்வத்தை மலையில் அலுபொல என்று இரத்தினபுரிக்காரருக்குப் பஞ்சமில்லை. நுழைவுக் கட்டணத்தை அட்டை வசூலிக்கிறது, இரத்தமாக. காலில் சவுக்காரம் பூசிக்கொண்டு போனால் கழிவு உண்டு. தென்மேல் பருவத்தில் மட்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியில் கேட்டபிறகே கிளம்ப வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களில் எத்தனையோ ட்ரிப்புகளின் தேதியை முடிவுசெய்வது அந்த நிறுவகம்தான்.

கித்துல்கல தனி அத்தியாயம் பெறத் தக்கது. களனி ஆற்றங்கரையில், கேகாலை மாவட்டத்தில் இருக்கும் இவ்வூரில்தான் டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தை எடுத்தார். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் வாங்கியது. கதையின் ஆறு தாய்லாந்தில். படத்தில் ஓடியது நம் களனி. படத்துக்கென்றே மரத்தில் பெரிய பாலம் கட்டி, அதன்மேல் மெய்யான ரயிலை ஓட்டி, வெடிவைத்து ஆற்றில் தள்ளினார்கள். இல்லாத நாட்டின் கோட்டையை டிஸ்னி அட்டையிலும் சிமெந்திலும் எழுப்பிய இரண்டே ஆண்டில், இங்கே ஒரு பொய் ஆறும் பொய்ப் பாலமும் கட்டி உடைத்தும் ஆயிற்று. ஆகவே ஆசியாவின் முதல் உல்லாசப் பூங்கா கித்துல்கலவே என்று துணிகிறோம். எதிர்ப்பவர்கள் ஆற்றோரம் மிஞ்சிக்கிடக்கும் கொங்கிறீட் அடித்தளத்தைப் போய்ப் பார்க்கட்டும், அதற்குக் காசில்லை. காசு கேட்பது ரப்பர் படகில் ஏறி வெள்ளைநீரில் குலுங்குவதற்கு. சுற்றிலும் பால் வெட்டிப் பிழைக்கிற தோட்டங்கள். விடியுமுன் ரப்பர் மரத்தடியில் நிற்கிறவர் ரப்பர் படகுக்கு வாடகை கொடுக்க வேண்டுமென்றால் யோசிக்க மாட்டாரா? யோசித்தார்கள். படகுக்காரர்கள் அலறிக்கொண்டு வருவதைக் கரையில் சோற்றுப் பார்சலோடு உட்கார்ந்து பார்ப்பதே இன்று நிலைபெற்ற வழக்கு. பயம் அவர்களுக்கு, பார்வை நமக்கு.

யானைக்குப் பின்னவல. 1975இல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம். மந்தையாக ரோட்டைக் கடந்து மா ஓயாவுக்குக் குளிக்கப் போகும்போது கடைக்காரர்கள் சாமான்களை உள்ளே இழுத்துக்கொள்வது பார்க்க வேண்டிய காட்சி. உள்நாட்டவருக்கு டிக்கெட் மலிவு. வெளிநாட்டுக்காரர் கொடுப்பதைக் கேட்டால் நம் காசு நமக்கே மறந்துபோகும். இரத்தினபுரியின் தெற்குத் தோட்டக்காரர்களுக்கு இதுவும் தேவையில்லை. உடவளவையில் தணமல்வில ரோட்டோரம் போனால், மின்வேலிக்கு அந்தப்பக்கம் காட்டு யானை தானாக வந்து நிற்கிறது. ஜீப் பிடித்து உள்ளே போகிறவர் யானையைத் தேடுகிறார். ரோட்டில் நிற்பவரை யானை தேடி வருகிறது. பழம் போடக்கூடாது. போடுகிறார்கள், அதனால்தான் வருகிறது.

ரயில் சவாரியை விரைந்து முடிக்கலாம். மண்சரிவு வழிவிட்டால், ரம்புக்கனையில் மூன்றாம் வகுப்பில் ஏறி, 1867இல் கண்டியைத் தொட்ட பாதையில், பத்தலேகல மலையைப் பார்த்தபடி கடுகண்ணாவை வரை போய் இறங்கித் திரும்புவது. இரத்தினபுரிக்காரருக்கு இந்தப் பாக்கியமும் இல்லை; ஒப்பநாயக்க வரை ஓடிய சின்ன ரயிலை 1970களில் நிறுத்திவிட்டார்கள்.

சிவனொளிபாதமலை பக்தியா, பயமா, உடற்பயிற்சியா என்று வகைப்படுத்த முடியாததால் பிற்சேர்க்கையில் வைக்கத் திட்டமிட்டோம். இந்த ஆய்வுக்குப் பிற்சேர்க்கை கிடையாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உயரம் 2,243 மீற்றர். டிசம்பர் போயா எனும் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் போயா வரை பருவகாலம். டிக்கெட் இல்லை. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியாக ஏறுவது நீண்ட பாதை. இரவெல்லாம் ஏறி, உச்சிக்கு அருகில் குளிரில் வரிசையில் நின்று, சூரியன் வரும்போது எல்லோரும் கைகூப்பும் அந்த நிமிஷத்தை எந்தப் பூங்காவும் விற்றதில்லை. ஆனால் பொருளியலார் கவனிக்காத ஒன்று: இறங்கிய மறுநாள் முழங்கால் மடங்காது. மடங்காத காலோடு மலையில் கொழுந்தெடுக்க முடியாது. ஆளுக்கு இரண்டு பேர் அங்கேயே போயிற்று.

தின்னுதல் இயலில் வெசாக்குக்கு நிகரில்லை. மே மாதப் போயாவில் பட்டணமெல்லாம் தோரணம், வெளிச்சக் கூடு, மைக்கில் பக்திப்பாட்டு. வழிநெடுகத் தன்சல்: ஓரிடத்தில் சோறு, ஓரிடத்தில் அவித்த மரவள்ளி, ஓரிடத்தில் கடலை, கடைசியில் ஐஸ்கிறீம். யார், எந்த ஊர், எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வரிசையில் நின்றால் போதும். தோட்டத்திலிருந்து லொறி பிடித்துப் போவார்கள். அனுபவமுள்ள தாய்மார்கள் முதல் தன்சலில் பிள்ளைகளை அடக்கி வைப்பார்கள்: “சோத்தத் தின்னுப்புட்டு ஐஸ்கிறீமுக்கு வயித்துல எடமில்லன்னு அழக் கூடாது.” டிஸ்னிலாந்திலும் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே வரிசையின் முடிவில் காசு கொடுக்க வேண்டும். இங்கே வரிசையின் முடிவில் ஒருவர் அகப்பையோடு நின்று ‘இன்னும் கொஞ்சம்’ என்கிறார். இரண்டையும் ஒரே துறையில் வைத்து ஆராய்வதே தவறோ என்று இவ்விடத்தில் எமக்கே ஐயம் வந்தது.

இதுவரை எல்லாம் இலவசம் அல்லது மலிவு. எனின், தோட்டக் குடும்பங்கள் வாரந்தோறும் ட்ரிப் போகாதது என்னை? ஆய்வின் மையம் இதுதான். இடத்துக்கு விலையில்லை, நாளுக்குத்தான் விலை. கணவனும் மனைவியும் ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்றால் 2 பேர், 2,700 ரூபாய், வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செலவாகிவிடுகிறது. ஞாயிறு, போயா என்றால் இழப்பில்லை எனலாமோ எனின், கொழுந்து மண்டிக் கிடக்கும் காலத்தில் அன்றும் வேலை போட்டு ஒன்றரை நாள் சம்பளம் தருவார்கள். போகாத குடும்பம் சோம்பேறி அல்ல, கணக்குத் தெரிந்தது.

நாளுக்கு அடுத்த செலவு வேன். ஒரு குடும்பத்தால் தாங்காது. மூன்று குடும்பம் சேர வேண்டும். சேர்ந்தால் அது அரசியல். பதினான்கு பேர் உட்காரும் ஹயஸ் வேனில் இருபத்திரண்டு பேரை ஏற்றும் வடிவியலை இன்னும் எந்தப் பல்கலைக்கழகமும் கையில் எடுக்கவில்லை. முன் சீட் யாருக்கு என்பதை வயது தீர்மானிப்பதில்லை, வாந்தி தீர்மானிக்கிறது. யாருக்கு வளைவில் குமட்டுமோ அவரே எலுமிச்சங்காயும் சித்தாலேபவுமாக முன்னால். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, கோழிக்கறியும் சோறும் வாழையிலையில் கட்டி, கிளம்பிய அரை மணிக்குள் ‘பசிக்குது’ என்ற முதல் குரலுக்குப் பொட்டலத்தை அவிழ்ப்பவரும், அன்றைக்கு லீவில் இருப்பதாகச் சொல்லப்படுபவரும் ஒரே ஆள்தான். பெண்களுக்கு ட்ரிப் என்பது இடம் மாறிய சமையல்கட்டோ என்ற கருதுகோளைச் சோதிக்க முயன்றோம். தரவு கொடுக்க வேண்டியவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளின் நிலைப்பாட்டையும் மறைக்கக் கூடாது. யானை, அருவி, தன்சல், பொய்ப் பாலம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்ன பிறகும் வாக்கெடுப்பில் லெஷர் வேர்ல்ட்தான் வென்றது. ‘நம்ம பீலிய யாரு ஸ்கூல்ல போய்ச் சொல்லுவா?’ என்றது ஒரு குரல். வகுப்பில் ஒருத்தி போய்வந்தால் மற்றவர்களுக்குத் தவணை முடியும்வரை அது கதை. இந்த வாதம் அம்மாயியின் வாதத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று பதிவுசெய்கிறோம்.

தீபாவளி முற்பணம் வந்தால் பார்க்கலாம் என்று லெஷர் வேர்ல்ட் ஒத்திவைக்கப்பட்டு, இந்தத் தடவை கித்துல்கல ஆற்றங்கரை என்று வேனுக்குச் சேர்ந்த மூன்று குடும்பமும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. எஞ்சியிருப்பது தேதி மட்டும். பெண்கள் ஒரே குரலில் போயா என்கிறார்கள். அன்று இலங்கை முழுவதும் சாராயக் கடை மூடியிருக்கும். ஆண்கள் தரப்பு மாற்றுத் தேதி ஒன்றை முன்மொழிந்திருக்கிறது. காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டோம். போயா அன்று ஆற்றங்கரைக் கல்லெல்லாம் வழுக்கும் என்று வாய்மொழியாக மட்டும் சொன்னார்கள்.