பத்தெழுத்துப் பெயர்கள்

ரமணாசிரமத்து முன்வாசல் இலுப்பையடியில் நின்று மயில் அகவுவதைக் கேட்கும்போதெல்லாம், எனக்குள் இன்னொரு சத்தமும் எழும்: தொண்ணூறுகளின் கடைசியில், பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டில், கோடை விடுமுறை இரவுகளில் விடியவிடிய உறுமிக்கொண்டிருந்த கணினியின் சத்தம்.

அதில் ஓடியது ஃபிலிப் என்ற மென்பொருள். 1980-இல் அமெரிக்காவின் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் வெளியிட்டு, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகவே கொடுத்தது. டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், எது எதற்குப் பங்காளி, எங்கே கிளை பிரிந்தது என்று வம்சாவளி மரம் போட்டுக் காட்டும். பத்துப் பெயர்களையே 20,27,025 விதமாகக் கிளை பிரிக்கலாம் என்றால், என்னிடம் இருந்ததோ முப்பது மரங்கள்: இலுப்பை, மகிழம், சப்போட்டா, பாலை என்று நீளும் ஒரே குடும்பம், வெளியாளாக ஒரு கருங்காலி. ஒவ்வொரு பெயருக்கும் பத்தெழுத்துதான் இடம். எந்த எழுத்தை விடுவது என்று யோசித்து யோசித்தே அந்த முப்பதும் மனப்பாடமாகிவிட்டன.

போட்ட மரத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, 1985-இல் ஃபெல்சன்ஸ்டைனே ஒரு வழி சொல்லியிருந்தார். பானையில் சீட்டெடுத்து, குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டு எடுப்பதுபோல, எழுத்துகளின் நெடுவரிசைகளை எடுத்தெடுத்து நூறு புதிய அடுக்குகள் செய்து, நூற்றுக்கும் மரம் போட்டு, ஒரு கிளை எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். தொடங்குமுன் ஃபிலிப் ஓர் ஒற்றைப்படை எண் கேட்கும்; மொய் எழுதும் வழக்கத்தில் 101 என்று தட்டுவேன். எண்பதாவது மரத்தில் மின்சாரம் போகும். திண்ணையில் ஆயா விசிறியோடு உட்கார்ந்திருப்பாள்.

"ராவெல்லாம் என்னாடா பாக்குற?"

"இலுப்பைக்கும் மகிழத்துக்கும் என்ன உறவுன்னு பாக்குறேன் ஆயா."

"காம்பைக் கிள்ளிப் பாரு. இலுப்பை, கோயில் மகிழமரம், நம்ம வீட்டு சப்போட்டா, மூணும் பால் வடியற சாதிதானே!"

மறுநாள் இரவு முழு ஓட்டம் முடிந்தது. கூட்டல் குறியும் கோடுமாக அச்சான நீளத்தாளில் ஆயா சொன்ன குடும்பம் அப்படியே நின்றது. அவளுக்கும் எனக்கும் தெரியாத ஒன்றும் அதில் இருந்தது: கடல் தாண்டி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சப்போட்டாதான், அருணாசலேஸ்வரர் கோயில் தலமரமான மகிழத்துக்கு நெருங்கிய சொந்தம், இலுப்பை சற்றுத் தள்ளிய பங்காளி.

போன மாதம் அண்ணன் மகள் அதே முப்பது மரங்களை ஐ.க்யூ-ட்ரீ என்ற மென்பொருளில் ஆயிரம் முறை ஓட்டினாள். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முழுப்பெயர்களோடு மரம் வந்துவிட்டது. அதே கிளைகள், அதே இடத்தில். இருந்த இடத்திலேயே ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இதெல்லாம் வாய்க்கிறதே என்று மனம் நிறைந்தது. ஆனால் திண்ணைக்கு வரவைக்கும் அந்த இருட்டு அவளுக்குக் கிடைக்கவில்லை, ஆயாவும் இல்லை.

மாலையில் அவளை ஆசிரமத்துக்கு அழைத்துப்போனேன். காற்றில் ஒடிந்து விழுந்திருந்த பச்சை இணுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து, காம்பைக் கிள்ளச் சொன்னேன். வெள்ளையாய் ஒரு துளி துளிர்த்தது. விரலைத் தேய்த்துப் பார்த்தவள், "நம்ம வீட்டு சப்போட்டா மாதிரியே ஒட்டுது சித்தப்பா" என்றாள்.