அக்கரப்பத்தனையில் ஃபயர்வோல் எச்சரிக்கை: ஒரு நொச்சித்திணை ஆய்வு

1. பொருளும் களமும்

வீட்டுக் கம்பியூட்டரின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, "தாக்குதல் தடுக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு மறைகிறதே, அதையே இக்கட்டுரை ஃபயர்வோல் எச்சரிக்கை என்று கொள்கிறது. பெட்டியோடு வரும் 'டிங்' ஓசை ஆய்வின் எல்லைக்குள் அடங்கும். அதைக் கேட்டு அடுப்படியிலிருந்து அப்பாயி, "தம்பி, பொட்டி மறுபடியும் கத்துதுடா, என்னானு பாரு" என்று எழுப்பும் ஓசையும் அடங்கும்.

களம், தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலே ஏறினால் வரும் அக்கரப்பத்தனை. பெல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி என்று இங்குள்ள தோட்டங்களின் பெயர்களை மட்டும் கேட்பவர், இவ்வாய்வு ஸ்காட்லாந்தில் நிகழ்ந்ததாக மயங்கக்கூடும். அங்கும் குளிர், இங்கும் குளிர் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

2. முன்னோர் கொள்கைகள்

இப்பொருள் குறித்து லயங்களில் நான்கு கொள்கைகள் நிலவுகின்றன.

மழைக் கொள்கையினர், எச்சரிக்கைக்குக் காரணம் இடியும் மின்னலும் என்பர். அடைமழையில் சிக்னல் போகிறது, மழை விட்டதும் சிக்னலோடு பெட்டியும் வருகிறது என்பது இவர்களின் சான்று. பக்கத்துக் காம்பராக் கொள்கையினர், அடுத்த வீட்டுப் பையன் வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டான் என்பர். உலக உளவுக் கொள்கையினரோ, ரஷ்யாவும் சீனாவும் நம் கம்பியூட்டரை நோட்டம் பார்க்கின்றன என்று சாதிப்பர். அந்தக் கம்பியூட்டரில் இருப்பவை சின்னவளின் சடங்குப் படங்களும், ஓ.எல். கடந்தகால வினாத்தாள்களும், பாதியில் நின்ற ஒரு வேலை விண்ணப்பமும். இவற்றில் எது மொஸ்கோவுக்குத் தேவை என்பதை இக்கொள்கையினர் இதுவரை விளக்கவில்லை.

நான்காவது, அணைப்புக் கொள்கை. டவுனில் கம்பியூட்டர் திருத்தும் தம்பி இதன் முதலாசிரியர். "ஃபயர்வோல ஓஃப் பண்ணிட்டா சத்தமே வராதுண்ணே" என்பது இதன் முதல் சூத்திரம்; கடைசிச் சூத்திரமும் அதுவே. சத்தம் வராது என்பது உண்மை. வேறு எவையெல்லாம் வரும் என்பதைச் சூத்திரம் கூறாது விட்டது.

3. திணை வகுத்தல்

பகைவர் கோட்டையை வளைத்துக்கொள்வது உழிஞை. தொல்காப்பியர் முற்றுகையையும் காவலையும் அதற்குள்ளேயே அடக்கினார். உள்ளிருந்து மதில் காப்பதை நொச்சி என்று தனித் திணையாகப் பிரித்தது பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. ஃபயர்வோல் எச்சரிக்கை ஐயத்துக்கிடமின்றி நொச்சித்திணை. இக்கோட்டைக்கு வாசல்கள் மிகுதி. போர்ட் எனப்படும் வாசல்கள் ஒரு கம்பியூட்டரில் 0 தொடங்கி 65,535 வரை உள்ளன. புகழ்பெற்ற எந்த மன்னனும் இத்தனை வாசல் வைத்துக் கோட்டை கட்டிய செய்தி இல்லை.

உழிஞையார் யார் என்பதே அடுத்த வினா. பெரும்பாலும் ஆளே இல்லை. இணையத்தில் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகின்றன. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்னும் கருவி, ஒரே கம்பியூட்டரையும் நல்ல வேகமுள்ள இணைப்பையும் கொண்டு, பழைய முறை இணைய முகவரிகள் முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. ஆகவே உங்கள் கதவு தட்டப்பட்டது என்றால் உங்களைத் தேடி வந்தார்கள் என்று பொருளில்லை. எல்லோர் கதவும் தட்டப்பட்டது. அதில் உங்களுடையதும் ஒன்று. இது நம்மவர் தன்மதிப்பைச் சற்றுப் புண்படுத்தும் செய்தி. ஆயினும் ஆய்வாளர் உண்மையை மறைத்தல் ஆகாது.

தட்டுவதெல்லாம் விளையாட்டு என்றும் கொள்ளற்க. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு, 135ஆம் வாசல் வழியாக உலகெங்கும் விண்டோஸ் கம்பியூட்டர்களுக்குள் நுழைந்தது. திருத்தமும் காவலும் இல்லாத விண்டோஸ் கம்பியூட்டர் இணையத்தில் தாக்குப்பிடிக்கும் நேரம் சராசரி 20 நிமிடம் என்று 2004இல் சான்ஸ் நிறுவனம் கணித்தது. பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும் என்க. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மைக்ரோசொஃப்ட், எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தப் பொதியில் ஃபயர்வோலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. அணைப்புக் கொள்கையினர் நம்மை அழைத்துப்போக விரும்புவது அதற்கு முந்திய காலத்துக்கு.

4. தோட்ட வரலாற்றில் ஃபயர்வோல்

ஃபயர்வோலின் தொடக்கத்தை 1980களின் அமெரிக்காவில் தேடுவது ஆய்வாளர் வழக்கம். மலையகத்தார்க்கு அத்தனை தூரம் போகவேண்டிய தேவை இல்லை. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று விதி வைத்துக் காப்பதே ஃபயர்வோல் என்றால், தோட்டமே ஒரு ஃபயர்வோலாக இருந்தது.

இணையத்தில் போகும் தரவுப் பொதிக்கு முகவரி ஒட்டுவது போன்ற முறை இங்கே 1901இல் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டியபோது, போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் குறியெண் பொறித்த தகரத் துண்டை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். ஆளைப் பார்க்கவேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

வெளிச்செல்லும் விதிக்குத் 'துண்டு' என்றே பெயர். கங்காணியும் அவர் கூட்டமும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்பேன் என்று தொரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டின்றி இன்னொரு தோட்டத்தில் சேர வழியில்லை. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. இன்றைய விண்டோஸ் ஃபயர்வோல் வெளியே போகிறவற்றை இயல்பாகத் தடுப்பதில்லை. இவ்வகையில் அது பழைய தொரைமாரைவிடத் தாராளமானது என்று பதிவு செய்யலாம்.

உள்வரும் விதி இன்னும் கடுமை. வெளியார் தொழிலாளரைக் காணத் தொரையின் அனுமதி வேண்டியிருந்தது. துணி வியாபாரிக்கோ வாசல் திறந்திருந்தது. பின்னாளில், 1931இல், தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் புகுந்து லயங்களின் நிலையைப் பார்த்தார். காவல் மூட்டையைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. இன்றும் தீய நிரல்கள், சாதாரண இணையப் பக்கங்கள் வந்துபோகும் 443ஆம் வாசலில் அதே போல் வேடமிட்டு நுழைகின்றன. நடேசய்யர் தொரைமார் பார்வையில் வைரஸ். தொழிலாளர் பார்வையில் அப்டேட். எனவே ஃபயர்வோல் நல்லதா கெட்டதா என்னும் வினா பொருளற்றது. விதியை யார் எழுதுகிறார் என்பதே வினா.

5. எச்சரிக்கை வகைப்பாடு

இனி, கள ஆய்வில் தெளிந்த வகைகள் வருமாறு:

(அ) அகத்திணை எச்சரிக்கை. வீட்டில் ரவுட்டர் இருந்தால், நாம் கேட்காமல் வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் அதன் வாசலிலேயே நின்றுவிடும். 4ஜி இணைப்புகளில் பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வதால், அதற்கு முன்பே நிற்பதும் உண்டு. அப்படியும் கம்பியூட்டர் 'எதிரி' என்று கத்துகிறதென்றால், எதிரி பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறார். பெட்டியில் காட்டும் முகவரி 192.168 என்று தொடங்கினால், அவர் பெரும்பாலும் அலமாரி மேலிருக்கும் ரவுட்டர், அண்ணனின் போன், மூலையில் நிற்கும் பிரின்டர், டிவி ஆகிய நால்வரில் ஒருவர். இவை ஒன்றையொன்று தேடிக் கூப்பிட்டுக்கொள்வதைப் பழக்கமற்ற ஃபயர்வோல் படையெடுப்பு என்று அறிவிக்கிறது. பக்கத்துக் காம்பராக் கொள்கை இங்கே பாதி மெய்யாகிறது. ரவுட்டரில் இணைந்துள்ளவற்றின் பட்டியலில் அறிமுகமில்லாத போன் ஒன்று இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுக.

(ஆ) தாமத எச்சரிக்கை. ஒரு பக்கத்தைத் திறந்து, உடனே மூடிவிடுகிறோம். அங்கிருந்து கிளம்பிய பதில் மெதுவாக மலையேறி வருகிறது. அதற்குள் ஃபயர்வோல் பேச்சை முடித்துக் கணக்கையும் மூடிவிட்டதால், வந்த பதிலை அந்நியன் என்கிறது. மழைக் கொள்கையினர் கண்டது இதுவே. இணைப்பு விட்டுவிட்டு வரும்போது இவ்வகை பெருகும். இடிக்கும் பகைக்கும் தொடர்பில்லை.

(இ) வினா எச்சரிக்கை. இது சொல்வதில்லை, கேட்கிறது. 'இந்த நிரலை உள்ளே அனுமதிக்கலாமா?' என்று விண்டோஸ் கேட்டு, பல பதிப்புகளில் பிரைவேட், பப்ளிக் என இரண்டு கட்டங்களை நீட்டும். அகம், புறம் என்ற பாகுபாட்டை இங்கே நினைவிற்கொள்க. நீங்களே இப்போது திறந்த விளையாட்டு அல்லது வீடியோ அழைப்பு நிரலானால் பிரைவேட் மட்டும் போதும். நீங்கள் எதையும் திறக்காதபோது பெயர் தெரியாத ஒன்று கேட்டால் மறுத்துவிடுக. எச்சரிக்கைகளுள் நின்று வாசிக்கவேண்டியது இது ஒன்றே. மற்றவற்றைக் கண்டு நடுங்கும் நம்மவர், இதற்கு மட்டும் வாசிக்காமல் 'அனுமதி' கொடுக்கும் விந்தை தனி ஆய்வுக்குரியது.

(ஈ) போலி எச்சரிக்கை. பிரவுசர் வழியாக வந்து, ஐந்து வைரஸ் கண்டோம் என்று சிவப்பில் கத்தி, ஒரு தொலைபேசி எண்ணையும் தரும். என்றோ ஒரு படத் தளத்தில் 'அறிவிப்புகளை அனுமதி' என்பதைத் தட்டியதன் பயன் இது. மெய்யான ஃபயர்வோல் யாரையும் போன் எடுக்கச் சொல்லாது. பிரவுசர் அமைப்புகளில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் கத்தல் நிற்கும். அந்த எண்ணுக்குப் பேசினால் நிற்காது, பணம் கேட்கும்.

6. முடிபும் பரிந்துரையும்

'தடுக்கப்பட்டது' என்பது வேலை முடிந்த செய்தி. ஆபத்து வந்த செய்தி அன்று. முதலிரு வகைகளுக்கு அறிவிப்பை மட்டும் அணைக்கலாம், ஃபயர்வோலை அணைக்கலாகாது. மூன்றாம் வகையை வாசித்துவிட்டே பதில் சொல்லவேண்டும். நான்காம் வகையை நம்பலாகாது. விண்டோஸ் திருத்தங்களைத் தள்ளிப்போடுவதும், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே வைத்திருப்பதும் மதிலில் நாமே வைக்கும் ஓட்டைகள். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டதையும் கணக்கில் கொள்க.

இந்த மலையில் யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதை நெடுங்காலம் பங்களாவில் இருந்தவர் எழுதினார். லயத்துக் காம்பராவிலிருக்கும் கம்பியூட்டரில் அதை எழுதும் அதிகாரம் லயத்துக்காரரிடம் இருக்கிறது. ஒரு 'டிங்' ஓசைக்கு அஞ்சி அதை டவுன் தம்பியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். பெட்டி எழும்பினால் முதலில் வாசியுங்கள்; அப்பாயிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.