புளி போட்டு விளக்கிய ராணி

இன்னும் விரலில் புளி வாசம் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். என் வீட்டுக்காரிக்கு ஏதோ ஒரு வழியில் தாய்மாமன் முறை. மஞ்சப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் ஒரு காலணா. 1862, விக்டோரியா ராணி. "மாப்ள, உங்ககிட்ட கொண்டாரமேன்னு ராத்திரி முழுக்க உக்காந்து நல்லா விளக்கிட்டேன்" என்றார்.

காசு கண்ணைப் பறித்தது. ராணிக்கு மூக்கு இல்லை. காது இருந்த இடத்தில் கம்பிநார் இழுத்த கோடு. "எவ்வளவு தேறும்?" என்று கேட்டார். "காப்பி சாப்பிடுங்க" என்றேன். அதைவிட நாகரிகமாக அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

பழைய காசுக்கு விலை மதிப்பது பெரிய வித்தை இல்லை. மூன்று விஷயம் பார்த்தால் போதும். அந்த மூன்றையும் எழுதி ஒரு தாளில் நகலெடுத்து வாசலில் ஒட்டிவிட்டால் நாகலாபுரத்தில் எனக்கு நிம்மதி கிடைக்கும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த மூன்றுக்குப் போகும் முன்னால், புளியைப் பற்றி ஒரு வார்த்தை.

நம் ஜனங்களுக்குக் கறுத்துப்போன செம்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. புளி முதல் கட்டம். அதில் மசியாவிட்டால் புளியோடு கல்லுப்பு. அப்புறம் எலுமிச்சம்பழ மூடி, அடுப்புச் சாம்பல், செங்கல்பொடி, விபூதி, பல்பொடி, குத்துவிளக்குக்குப் போடுகிற பொடி. போன பங்குனியில் ஒரு தம்பி கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு எடுத்து வந்தான். காசின் ஒரு பக்கம் இருந்தது. மறு பக்கத்தில் என்ன இருந்தது என்று அவனையே கேட்டேன். "அழுக்குதான் சார் இருந்துச்சு" என்றான்.

அந்த அழுக்குக்குத்தான் விலை என்று நான் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து நூறு, நூற்றைம்பது வருஷமாகத் தன் மேல் தானே போர்த்திக்கொண்ட தவிட்டு நிறத் தோல் அது. சேகரிப்பவன் முதலில் அதைத்தான் பார்க்கிறான். அதை ஒரு நெல்லிக்காய் அளவுப் புளி பத்து நிமிஷத்தில் தின்றுவிடும். உள்ளேயிருந்து ஒரு ரோஸ் கலர் வரும், பாருங்கள், அந்தக் கலரை இங்கிலாந்து ராணியே தன் ஆயுசில் கண்டிருக்க மாட்டாள். கும்பாபிஷேகம் என்று சொல்லி ஆயிரம் வருஷத்துக் கல்தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறோமே, அதே கை, அதே பக்தி. இரண்டு மாதம் கழித்து அந்த ரோஸும் திட்டுத்திட்டாகக் கறுக்கும். உடனே மறுபடியும் புளி.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் எந்தக் கை தேய்த்தது என்பதுகூடத் தெரிந்துவிடும். பெண்கள் பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தில் வட்டமாகத் தேய்க்கிறார்கள். ராணியைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் விழும். ஆண்கள் சைக்கிள் ரிம் துடைக்கிற பழக்கத்தில் நேர்கோடாக இழுக்கிறார்கள். ராணி கம்பி எண்ணுவாள். காசைப் பார்த்து, அந்த வீட்டில் ஆம்பளை அடுப்படிக்குள் போகிறவனா இல்லையா என்று என்னால் சொல்ல முடியும். ஒருமுறை கல்யாண வீட்டில் சொல்லியும்விட்டேன். அந்தக் குடும்பத்தோடு இப்போது பேச்சு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்து விளக்கப்படுகிற காசுகள் தனி ரகம். 1968-லிருந்து நாலு வருஷம் வந்த தாமரைப் பூப்போட்ட 20 பைசாவை 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்திருக்கிற வீடுகள் உண்டு. வாரம் ஒரு தடவை தேய்த்துத் தேய்த்து, இப்போது அது அல்லியா தாமரையா என்று லட்சுமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வெள்ளி ரூபாய்க்கும் விமோசனம் இல்லை. ஏழாம் எட்வர்டு மகாராஜா 1903-லிருந்து நம் ரூபாயில் கிரீடம் இல்லாமல் வெறுந்தலையோடு வந்தார். நம்மவர்கள் மொட்டைத்தலை ராசா காசு என்றார்கள். அந்த மொட்டைத்தலையில் கொக்கி பற்றவைத்துக் கழுத்தில் போட்டார்கள். ஓட்டை போட்டு அரைஞாண் கயிற்றில் கட்டினார்கள். ஓட்டை போட்டதற்கு ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1943-லிருந்து 1947 வரை யுத்தகாலத்து உலோகத் தட்டுப்பாட்டில் சர்க்காரே ஓட்டைக் காலணா அடித்தது. எங்கள் பெரியப்பா அதையெல்லாம் பம்புசெட்டுக்கு வாஷராகப் போட்டார். அதில் ஒன்று இன்னும் ஒழுகாமல் இருக்கிறது என்று போன மாதம்கூடப் பெருமையாகச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது: பழசு வேறு, விலை வேறு. மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்ஹாமில் செப்புக் காசு அடித்தது. சிங்கங்கள் கேடயம் பிடித்திருக்கும், 1808 என்று வருஷம் போட்டிருக்கும். அந்தக் காசு மூட்டையோடு மதராஸுக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மாட்டி முங்கிப்போனது. 1980-களில் முக்குளித்து லட்சக்கணக்கில் அள்ளிக் கொண்டுவந்தார்கள். இருநூறு வருஷத்துப் பழசு, கை படாதது, கப்பல் கதை வேறு. ஆனாலும் உலகம் முழுக்க அது மலிவுக் காசு. காரணம், எல்லாரிடமும் இருக்கிறது. 1939-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். வயசு அதில் பாதிகூட ஆகவில்லை. அதை யாராவது காட்டினால் நானே எழுந்து நின்று நாற்காலி போடுவேன். இதைச் சொன்னால் "அப்ப 1939 எதுக்குன்னாலும் விலை உண்டா?" என்று கேட்டு, 1939-ல் பிறந்த தாத்தாவின் பித்தளைக் கொலுசைக் கொண்டுவருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. கோடை மழை பெய்து கரிசல் இளகி ஏர் ஓடினால், புஞ்சையில் எங்கேயாவது ஒரு செப்புத் துண்டு மேலே வரும். எது வந்தாலும் அது கட்டபொம்மு காலத்துக் காசுதான். 1799-ல் எங்கள் நாகலாபுரத்திலேயே அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கில் போட்டார்கள் என்பதால் ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம். கலெக்டர் ஜாக்சன் 1798-ல் கட்டபொம்முவின் கிஸ்திப் பாக்கி 3310 பகோடா (வராகன்) என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் பாக்கி முழுக்க எங்கள் கரிசலுக்குள்தான் கிடக்கிறது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வருகிறது என்னவோ, நாயக்கர் காலத்துத் தேய்ந்த செம்பும் கம்பெனிக் காசும்தான். ஆனால் கொண்டுவருகிறவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். "10 ரூபாய் பெறுமாய்யா?" என்று கேட்பார். பெறாது என்றால் முகம் வாடிவிடும். பெறும் என்றால் பயந்துவிடுவார். நான் என்னதான் சொல்வது?

இரண்டாவது விஷயம், ரகம். இங்கேதான் என்னைப் போன்ற ஆட்களின் லட்சணம் வெளிப்படும். நம் காசில் ஆண்டுக்குக் கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒன்றும் இல்லாததையே அடையாளமாக வைத்துக்கொண்ட ஒரே நாணயச்சாலை! நொய்டாவில் பிறந்த காசு முப்பது வருஷம் கை மாறிப் புள்ளி தேய்ந்தால் கொல்கத்தாக்காரனாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ராத்திரி பத்து மணிக்கு டியூப்லைட்டுக்குக் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1985-ஆம் வருஷத்து ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே 'எச்' இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது. 1862 என்று போட்ட வெள்ளி ரூபாயை அதே வருஷத்தைப் போட்டே 1874 வரைக்கும் அடித்தார்கள். எந்த வருஷம் அடித்தது என்பதைப் புள்ளிகளில் மறைத்துவைத்தார்கள். மேலே எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி என்று எண்ணுவதற்கென்றே உலகத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். நானும் எண்ணியிருக்கிறேன். "அந்தப் புள்ளி தெரியிற கண்ணுக்கு அரிசியில கெடக்க கல்லு தெரிய மாட்டேங்கு" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்.

ஆனால் இந்தப் பைத்தியத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1911-ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் மேலங்கியில் தொங்குகிற விருதுச் சங்கிலியில் ஒரு பொடி யானை. செதுக்கியவன் தும்பிக்கையைக் குட்டையாக்கிவிட்டான். பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. ஊர் கொந்தளித்தது. சர்க்கார் வினியோகத்தை நிறுத்தி, கையிலிருந்ததை உருக்கி, 1912-ல் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கையோடு மறுபடியும் அடித்தது. முந்தினது தப்பித்துப் பிழைத்தவரை பன்றி ரூபாய் என்று இன்றைக்கும் விலை போகிறது. நாலைந்து நெல்மணி அகலத்துக்குள் நடந்த கலாட்டா அது. லென்ஸ் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, வைஷ்ணவி தேவி காசு இருந்தா பத்து லட்சமாமே?" என்கிறார்கள்.

இந்த வைஷ்ணவி தேவியை எனக்கு அறிமுகப்படுத்தாத ஆள் விளாத்திகுளம் வட்டாரத்தில் பாக்கி இல்லை. 2012 என்று வருஷம் போட்டு, வைஷ்ணோ தேவி படத்தோடு 5 ரூபாயும் 10 ரூபாயும் புழக்கத்துக்கு வந்தன. அதே மாதிரி 1995-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் வந்தார், 2003-ல் காமராஜர், 2009-ல் அண்ணா. திருவள்ளுவருக்கு லட்சம் தருவதாக ஒருவரும் போன் பண்ணுவதில்லை. பக்கத்து ஊர்க்காரர் காமராஜருக்குக்கூட இல்லை. தன் பெயரைப் போட்டு மோசடிக்காரர்கள் பழைய காசு வாங்குவதாகக் கமிஷன் கேட்கிறார்கள், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது. அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு அண்ணாச்சி சொன்னார்: "பாத்தீங்களா, ரிசர்வ் பேங்க்கே பேசுதுன்னா உள்ள ஏதோ இருக்கு."

அரிசியை இழுக்கிற காசு, இரிடியம் கலசம், ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனி அணா, இதையெல்லாம் பற்றி நான் எழுதப் போவதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிறவன் நான்.

மூன்றாவது விஷயத்தை யோசித்துக்கொண்டேதான் இன்று காலை விளாத்திகுளத்துக்கு மினிபஸ் ஏறினேன். டிக்கெட்டுக்கு 10 ரூபாய் நாணயம் ஒன்றை நீட்டினேன். கண்டக்டர் தம்பி அதைத் தொடக்கூட இல்லை. "இது செல்லாதுண்ணே, யாரும் வாங்க மாட்டேங்காங்க." 14 வகை 10 ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது என்றேன். 14 வகையையும் என் ஆல்பத்தில் காட்டுவதாகவும் சொன்னேன். உடனே அந்தத் தம்பி என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க பழைய காசு பாக்கிற நாகலாபுரத்து அண்ணாச்சிதான?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டு, டிக்கெட் தாளில் சுற்றிய ஒரு நாணயத்தை எடுத்து, பின்சீட்டுக்காரருக்குத் தெரியாமல் என் உள்ளங்கையில் வைத்தார்.

வைஷ்ணவி தேவி. 10 ரூபாய். புள்ளியும் தெளிவாக இருந்தது.

"எவ்வளவுண்ணே போகும்?"

"10 ரூபாய்" என்றேன்.

வெடுக்கென்று பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டு, "அப்ப டிக்கெட்டுக்கு நோட்டாக் குடுங்க" என்றார்.