பிடித்த பிடி

அரை மணி நேரத்தில் கடைக்காரர் போட்டுக்கொடுத்த பிரேமைப் பாராட்டியே ஆகவேண்டும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம், ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. பழைய தேக்குச் சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதால் கடைக்குக் கொண்டுபோனோம். சட்டத்தை 45 டிகிரியில் அறுத்து மூலைகளைச் சேர்த்தார். இணைப்பில் நகம்கூட நுழையவில்லை. அப்படியொரு கை இன்று அபூர்வம்.

அதைவிடப் பெரிது அவருடைய பசை. பழைய சட்டத்துக்குள் படத்தின் மேல்முனைகளில் மட்டும் கஞ்சிப் பசையைத் தொட்டுவைத்திருந்தார்கள். ஈரப் பஞ்சை வைத்தால் இளகிவிடும் பசை அது. இவர் தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசையை எடுத்துப் படத்தின் முதுகு முழுக்கத் தடவி, ஹார்ட்போர்டின் மேல் வைத்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. படத்தின் பின்புறம் தாத்தா பென்சிலால் கல்யாணத் தேதியையும் ஊர்ப்பெயரையும் எழுதிவைத்திருந்தார். அந்த எழுத்தை இனி யாராலும் அழிக்க முடியாது. யாராலும் படிக்கவும் முடியாது.

அருங்காட்சியகங்களில் கோதுமை மாவுச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் படத்தைத் தொங்கவிடுவார்கள். ஒட்டியதை என்றைக்காவது பிரிக்க வேண்டிவரும் என்பது அவர்கள் கணக்கு. உறுதி என்று பார்த்தால் அந்தப் பசை இவருடைய பசைக்குக் கிட்டவே வராது.

ஹார்ட்போர்டும் தாராளமான பொருள்தான். மரநாரை அழுத்திச் செய்வது. மரத்தின் லிக்னின் அதில் தங்கியிருக்கும். நாளாக நாளாக அது அமிலத்தை விட்டு, ஒட்டிய தாளுக்குத் தன் நிறத்தையே கொடுக்கும். அத்தனை ஆண்டுகள் சாம்பல் நிறம் மாறாமல் இருந்த படத்தின் ஓரங்களில், இந்தப் பலகையோடு சேர்ந்த மூன்றே வருடத்தில் தேநீர் நிறம் இறங்கிவிட்டது.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஜன்னல்போல வெட்டிய அட்டை ஒன்றை வைப்பது வழக்கம். மவுன்ட் என்பார்கள். அது தரும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். அந்தச் செலவை எங்களுக்கு மிச்சப்படுத்தி, கண்ணாடியை நேராகப் படத்தின் மேலேயே வைத்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. வெள்ளித் துகள்கள் அதற்குள்தான் இருக்கின்றன, முகம் தெரிவதே அவற்றால்தான். ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிப் பிசுபிசுக்கும். பின்பக்கத்தைப் பழுப்பு டேப்பால் சுற்றிலும் அடைத்திருந்தார். ஒரு பூச்சி போகவில்லை. சுவரின் ஈரம் மட்டும் போயிற்று, போனது வெளியே வரவில்லை. மூன்று ஐப்பசி, மூன்று கார்த்திகை. பாட்டியின் முகம் அங்கங்கே ஈரமாக மினுங்குவதுபோல் தெரிந்தது. கண்ணாடி துடைத்ததால் வந்த பளபளப்பு என்று அம்மா நினைத்தாள்.

போன மாதம் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தூக்கினேன். சட்டத்தின் மூலைகள் இம்மியும் விலகவில்லை, பலகை வளையவில்லை, படம் பலகையைவிட்டு அசையவில்லை. பாட்டியின் காது தாளில் இருக்கிறது. ஜிமிக்கியும் பாதிக் கன்னமும் கண்ணாடியில் இருக்கின்றன.