தோசைக்கல்லும் நட்பின் கொள்ளளவும்

நண்பர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்போது எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன சமைப்பது? சமைத்தது எந்த வேகத்தில் இலைக்கோ தட்டுக்கோ வந்து சேரும், அந்த வேகம் பேச்சை என்ன செய்யும், அப்போது யார் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்பனவெல்லாம் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கருதப்படவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது நிறுவ முயல்வது: சாதாரண வார நாள் இரவொன்றில் நண்பர்களோடு உண்பதற்கு மிகத் தகுதியான பண்டம் தோசை. அதன் சுவைக்கு இந்தப் பெருமையில் பங்கு சிறிதே. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது என்பது தோசையின் குறையாக உலகோரால் சொல்லப்படுகிறதே, அந்தக் குறையே அதற்குத் தகுதி தருகிறது. பிரியாணிக் கட்சியினர் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர்களுடைய வாதமும் கீழே கவனிக்கப்படும்.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசப்படுபவர் நண்பர், விருந்தினர் அல்லர். இரண்டும் ஒன்றே என்று சொல்வோர் திருக்குறளின் அமைப்பைப் பார்க்கட்டும். விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம், அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. நட்பு 79-ஆம் அதிகாரம், பொருட்பாலில் இருக்கிறது. நடுவே 69 அதிகாரங்கள்; துறவும் ஊழும் அரசும் அமைச்சும் படையும் கடந்துதான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டும். வள்ளுவர் தோசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டே, இந்தத் தொலைவு தற்செயலாக நேர்ந்ததாக இருக்காது என்று கொள்கிறோம். விருந்தினருக்கு வடை, பாயசம், பொரித்த அப்பளம், எடுத்து வைத்த நல்ல தட்டு. சமையற்கட்டின் கதவு சாத்தியிருக்கும். நண்பருக்கோ வீட்டில் அன்றைக்கு என்ன உண்டோ அதுதான், கதவு திறந்திருக்கும். அவர் உள்ளே வந்து மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, கேட்காமலே பொட்டுக்கடலையை எடுத்து மென்றுகொண்டிருப்பார்.

அன்றைக்கு உள்ளது என்ற நிபந்தனையை மாவு நிறைவேற்றுவதுபோல வேறெதுவும் நிறைவேற்றுவதில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடிவிட்டால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் லியூகோனோஸ்டாக் மெசென்டீராய்டிஸ் என்னும் பெயர் தாங்கிய நுண்ணுயிரியும் அதன் சுற்றத்தாரும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறியபின் ஊத்தப்பமோ பணியாரமோ. ஆகவே வார நடுவில் எந்த இரவை எடுத்தாலும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தூக்குவாளி மாவு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். இல்லாத வீட்டுக்குத் தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் இருக்கிறது. ‘வாங்க, ரெண்டு தோசை ஊத்திக்கலாம்’ என்று யாரும் முன்யோசனையின்றிச் சொல்லிவிட முடிவது இதனால்தான். இந்தத் தாராளம் பழங்காலத்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்டுக்கல்லில் கை வலிக்க அரைத்த காலத்தில் பல ஊர்களில் தோசை என்பது தீபாவளிக்கும் மாப்பிள்ளை வரவுக்கும் உரியது. கோயம்புத்தூரில் பிறந்து, பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட வெட் கிரைண்டர்தான் அதை வார நாளுக்கு இறக்கிவிட்டது. தோசையை விருந்தினரிடமிருந்து பிடுங்கி நண்பரிடம் கொடுத்த பெருமை மின்மோட்டாருக்கு உரியது என்று சொன்னால் மிகையாகாது.

இனி கணக்குக்கு வருவோம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு தொடங்குகிறது. ஒரு சேவை, பல பேர், எவ்வளவு காத்திருப்பு என்பதே அதன் கேள்வி. டென்மார்க்கில் தோசை கிடைத்திருந்தால் அவர் தொலைபேசிப் பக்கம் போயிருக்கவே தேவையில்லை. வீட்டுத் தோசைக்கல்லில் ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் கீழே போவது கடினம். 1756-இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளியை விட்டு, அது கொதித்து மறையாமல் முத்தாக உருண்டு திரிவதை எழுதிவைத்தார். கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் நம் வீட்டுப் பழக்கமும் அதே சோதனைதான். தெளித்த நீர் ‘சொய்’ என்று உடனே வற்றினால் பதம்; முத்தாக ஓடினால் கல் மிகக் காய்ந்துவிட்டது, ஊற்றிய மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டுவதில் பயனில்லை என்று பொருள். சாப்பிடுபவரோ ஒரு தோசைக்குச் சட்னியும் சாம்பாருமாக நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஒரே வாய் என்றால் முதல் தோசை தட்டில் இருக்கும்போதே அடுத்தது வந்து மேலே விழும். இரண்டு வாய் என்றால் சரியாக ஈடுகட்டும். இருவரும் இடைவிடாமல் மென்றுகொண்டே இருப்பார்கள். நான்கு வாய் என்றால் ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடத்துக்கு ஒரு தோசை: நான்கு நிமிடம் உண்ணலாம், நான்கு நிமிடம் வாய் சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருக்கும் நான்கு நிமிடத்தில்தான் இக்கட்டுரையின் அடித்தளம் இருக்கிறது. எந்த நொடியை எடுத்தாலும் நால்வரில் இருவரின் வாய் காலி. ஆகவே பேச்சு அறுவதில்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே கை மாறிக்கொண்டே இருக்கும். யாருக்குத் தோசை வருகிறதோ அவர் கேட்பவராகிறார். தட்டைக் காலி செய்தவர் விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடிக்கிறார். நீளமாகப் பேசும் பழக்கமுள்ள நண்பரை எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நாகரிகமாக நிறுத்த வேறு எந்த உணவாலும் முடியாது. சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1910-இல் உணவைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டுகிறார். நான் நினைப்பதைப் பிறருக்குச் சொல்லலாம், நான் பார்ப்பதைப் பிறரும் பார்க்கலாம். ஆனால் நான் தின்றுவிட்டதை இன்னொருவர் தின்ன முடியாது. இவ்வளவு தன்னலமான ஒரு செயலைச் சுற்றித்தான் மனிதர்கள் கூடுகிறார்கள் என்பது அவருக்கு வியப்பு. எலுமிச்சைச் சாதத்தில் இந்த வியப்பு மறைந்து கிடக்கும், எல்லோர் தட்டும் ஒரே சமயத்தில் நிறைந்துவிடுவதால். தோசையில் அது வெட்டவெளிச்சம். இந்தத் தோசை உன்னுடையது, அடுத்தது என்னுடையது. பொன்னிறமாக வந்த ஒன்று பக்கத்துத் தட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே கதை சொல்ல முடிந்தவருக்கு நட்பின் பெரும்பகுதி கைவந்துவிட்டது எனலாம்.

தோசைக்கு ஆய்வுக் கருவியாகவும் மதிப்பு உண்டு. கத்தரிக்காய்க் காம்பாலோ அரை வெங்காயத்தாலோ எண்ணெய் தேய்த்துப் பதமாக்கினாலும் முதல் தோசை பல நேரம் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். வந்திருப்பவர் விருந்தினர் என்றால் அது ஓசையின்றி மறைக்கப்பட்டு, சமைத்தவர் வயிற்றுக்குப் போகும். நண்பர் என்றால் ‘இந்தா, பிடி’ என்று அவர் தட்டிலேயே விழும். அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார், கிண்டல் மட்டும் செய்வார். அடுத்தது ‘போதும்’ என்ற சொல். விருந்தினர் ‘போதும்’ என்றால் அதை நம்பக் கூடாது என்பது நம் நாட்டு முறை. குறைந்தது இரண்டு முறை மறுத்துப் போட்டாக வேண்டும், அவரும் அந்த இரண்டையும் கணக்கில் வைத்துத்தான் முதல் ‘போதும்’ சொல்லியிருப்பார். நண்பரின் ‘போதும்’ அப்படியே ஏற்கப்படுகிறது. ‘இன்னும் ஒண்ணு, முறுகலா’ என்பதும் அப்படியே. எண்ணக்கூடிய பண்டமாக இருப்பதால் இதில் ஒளிவு மறைவில்லை. சோற்றில் எவ்வளவு தின்றோம் என்று யாரும் சொல்ல முடியாது, தோசையில் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணிக்கையும் தெரியும். அது நான்கு வருடம் கழித்தும் நினைவுபடுத்தப்படும்.

தொடுகறியின் படிநிலை வீழ்ச்சியையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும், வாதத்துக்கு அது நேரடியாகத் தேவையில்லை என்றாலும். தேங்காய்ச் சட்னி எப்போதும் முதலில் தீரும். பிறகு தக்காளிச் சட்னி. மதியச் சாம்பார் அடி தட்டியதும் மிளகாய்ப்பொடி டப்பா இறங்கும், நல்லெண்ணெய் பாட்டிலோடு. கடைசியில் யாராவது ஒருவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சர்க்கரை கேட்பார். சட்னி நிலையில் எழுந்து போய்விடுபவர் அறிமுகமானவர். பொடி வரை இருப்பவர் நண்பர். சர்க்கரை கேட்பவர் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவர்.

இப்போது எதிர்வாதங்கள். அவற்றுள் எடை மிகுந்தது ஒன்றே. மற்றவர்கள் பேசிச் சிரிக்க, ஒருவர் மட்டும் வேர்த்து விறுவிறுத்து அடுப்பருகே நிற்கிறார். நம் வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். அப்படியிருக்க, தோசையை நட்பின் பண்டம் என்பது நின்றவரை மறந்தவரின் பேச்சு. இதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. உண்மை இது. ஆனால் இந்த அநியாயத்தைத் தோசை உண்டாக்கவில்லை. விருந்துச் சமையலில் அதே பெண் பிற்பகல் முழுதும் நின்றிருப்பார். விருந்தினர் வருவதற்குள் வேலை முடிந்துவிடுவதால், நின்றது யார் கண்ணிலும் படாது. தோசை அந்த நிற்றலை எல்லோர் கண்ணெதிரேயும் கொண்டுவருகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘சொய்’ என்று ஒலி எழுப்பி நினைவூட்டவும் செய்கிறது. அதைக் கேட்டும் ஒருவரும் எழுந்து போய், ‘நீங்க உட்காருங்க, நான் ஊத்தறேன்’ என்று தோசைத்திருப்பியை வாங்கவில்லை என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நண்பர்கள் அல்லர், விருந்தினர்கள். அவர்கள் மேலே சொன்ன 9-ஆம் அதிகாரத்துக்கு உரியவர்கள். திருப்பி கைமாற வேண்டும் என்பது இக்கட்டுரை வைக்கும் ஒரே கட்டாய நிபந்தனை. புதிதாக வாங்கியவர் ஊற்றும் தோசை இலங்கை வரைபடம் போல வரும் என்பது உண்மைதான். வட்டமாக இருந்தாக வேண்டும் என்பதும் விருந்தினருக்கான விதியே.

சப்பாத்தியும் ஒவ்வொன்றாகத்தானே சுடப்படுகிறது என்று ஒரு கேள்வி வரும். சப்பாத்தியை முன்கூட்டியே சுட்டு ஹாட்பாக்ஸில் அடுக்கிவிடலாம். அதனால் அது காத்திருப்பை ஒழித்துவிடுகிறது. தோசையை அப்படி அடுக்கினால் தன் ஆவியிலேயே நனைந்து துவண்டுபோகும். இரண்டாவது அடுப்பிலும் ஒரு கல்லைப் போட்டால் காத்திருப்பு குறையுமே என்று பொறியியல் படித்தவர்கள் கேட்பார்கள். குறையும், அதோடு பேச்சும் குறையும், சட்னி தாளிக்கவும் இடமிருக்காது. இனி, பிரியாணி. தம் உடைத்து மூடி திறக்கும் அந்தக் கணத்துக்கு நிகராகத் தோசையிடம் ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கணத்துக்குப் பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பரிமாறப்படுகிறது. எல்லோர் வாயும் ஒரே சமயத்தில் நிறைகிறது. கால் மணி நேரத்துக்கு எலும்பு வைக்கும் சத்தம்தான். பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தூக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

எஞ்சியிருப்பது கொள்ளளவுக் கேள்வி. காத்திருப்பே நல்லது என்றால் ஐம்பது பேரைக் கூப்பிடலாமே? முடியாது. காத்திருக்கும் நேரம் உண்ணும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு வரை போனால் பேச்சு தாங்கும் என்றும், அதைத் தாண்டினால் கதை சொல்பவர் உட்பட எல்லோர் கண்ணும் கல்லின் மேலேயே குவிந்துவிடும் என்றும் இக்கட்டுரை கொள்கிறது. ஆறு வாய்க்கு ஒரு சுற்று பன்னிரண்டு நிமிடம்: நான்கு நிமிடம் உணவு, எட்டு நிமிடம் காத்திருப்பு, சரியாக எல்லையில் நிற்கிறது. வீட்டுக்காரர் ஒருவரைக் கழித்தால் நண்பர்கள் ஐந்து பேர். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார், மனிதர் ஒருவர் தாங்கக்கூடிய உறவுகள் சுமார் 150 என்றும் அவற்றுள் மிக நெருங்கிய வட்டம் சுமார் 5 என்றும் சொல்கிறார். மூளையின் அளவிலிருந்து தொடங்கி அவர் சென்றடைந்த எண்ணை நாம் ஒரு தோசைக்கல்லிலிருந்து தொடங்கியே அடைந்துவிட்டோம். ஆறாவது நண்பரும் அழைப்பு மணியை அழுத்திவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. கல்லை இறக்கிவிட்டு ரவையை வறுக்க வேண்டியதுதான்.